விற்ற பொருளுக்குப் புகார் வந்தால்: திருப்பி வாங்குவதா, கொஞ்சம் பணத்தை மட்டும் திருப்பிக் கொடுப்பதா, எதிர்த்து நிற்பதா?

பழைய போன், லேப்டாப், கேமரா என்று எதையாவது ஆன்லைனில் விற்றவர்களுக்கு இந்தச் செய்தி பழக்கமாக இருக்கும். பொருள் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் ஆனதும் வரும்: "சார், சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது. நீங்க சொன்ன மாதிரி இல்ல. பணத்தைத் திருப்பிக் குடுங்க."

இதே வரிகளை மூன்று விதமான ஆட்கள் எழுதுவார்கள். ஒருவருக்கு உண்மையிலேயே சார்ஜ் நிற்கவில்லை. இன்னொருவர் வாங்கிய மறுநாளே அதே பொருளை வேறு இடத்தில் மலிவாகப் பார்த்துவிட்டார், இப்போது திருப்பிக் கொடுக்க ஒரு காரணம் வேண்டும். மூன்றாமவர் வாங்கும்போதே இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொண்டுதான் வாங்கினார். எழுத்தின் தொனியை வைத்து இவர்களைப் பிரித்துவிடலாம் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான விற்பனையாளர்கள் ஏமாறுகிறார்கள். கத்தி எழுதுகிறவர் நியாயம் பேசுகிறவராக இருப்பார். "சிரமத்துக்கு மன்னிக்கணும் சார்" என்று தொடங்குகிறவர் பெட்டிக்குள் வேறு போனை வைத்துத் திருப்பி அனுப்புவார்.

ஆகவே ஆளை எடைபோடுவதை விட்டுவிட்டு, அவர் சொல்வது உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டா, அதை மறுக்க என் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். எந்த வழியில் போவது என்பதை இந்த இரண்டு கேள்விகளே முடிவு செய்யும். கீழே ஒவ்வொரு வழியையும் பணம், நேரம், கணக்கின் நற்பெயர் ஆகிய மூன்றிலும் ஒப்பிட்டிருக்கிறேன். முதலில் விற்பதற்கு முன்னால் வரும் தொல்லைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

விற்கும் முன்பே தொல்லை தருபவர்கள்

"லாஸ்ட் ப்ரைஸ் சொல்லுங்க ப்ரோ" என்று கேட்பவருக்கு விளக்கம் சொல்வதா, ஒரு எண்ணைச் சொல்லி நிறுத்துவதா? நான் எப்போதும் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். ஏன் இந்த விலை என்று நீங்கள் விளக்கத் தொடங்கினால், ஒவ்வொரு காரணத்தையும் பிடித்து அவர் இழுப்பார். "இந்த விலைக்குச் சம்மதம் என்றால் இன்று மாலைக்குள் சொல்லுங்கள்" என்று ஒரு வரி போதும். பதில் வராவிட்டால் அடுத்தவரிடம் பேசப் போகலாம்.

இதைவிடத் தொல்லையானது, ஒத்துக்கொண்ட விலையை நேரில் வந்து குறைப்பது. பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்க கீறல் இருக்கே" என்பார்கள். அந்தக் கீறல் நீங்கள் போட்ட படத்தில் இருந்தால் ஒரு காசு குறைக்க வேண்டியதில்லை. படத்தில் இல்லை என்றால் அவர் கேட்பது நியாயம், குறைத்துத்தான் ஆக வேண்டும். இந்த முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். எதிரே ஆள் நிற்கும்போது கணக்குப் போட்டால், போய்வந்த அலைச்சல் வீணாகிவிடுமே என்ற நினைப்பிலேயே குறைத்துவிடுவீர்கள்.

கேள்வி மேல் கேள்வி கேட்பவரைப் பலரும் தொல்லையானவர் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேட்டரியின் கொள்ளளவு தேய்ந்தது போக எத்தனை சதவீதம், திரை எப்போதாவது மாற்றியதா, எந்த சார்ஜர் வரும் என்று கேட்பவர் தெரிந்து வாங்குகிறவர். அவருக்கு நீங்கள் எழுதிய ஒவ்வொரு பதிலும் பிற்பாடு உங்களுக்கே சாட்சியாகும். உண்மையில் கவலைப்பட வேண்டியது, எதையும் கேட்காமல், விற்பனைப் பக்கத்தில் நீங்கள் எழுதிய விவரத்தைப் படிக்காமல், "எடுத்துக்கறேன், அனுப்புங்க" என்பவரைப் பற்றித்தான். பின்னால் "நான் கவனிக்கலை" என்று சொல்லப்போவது அவர்தான். அப்படிப்பட்டவருக்கு அனுப்பும் முன், குறைகளை மட்டும் தனியாக எடுத்து ஒரு முறை எழுதுங்கள்: "இடது ஓரத்தில் கீறல் உண்டு. பேட்டரி 81 சதவீதம். சார்ஜர் ஒரிஜினல் இல்லை. இதெல்லாம் சம்மதம்தானே?" அவர் "ஓகே" என்று போட்ட பிறகு பார்சல் கட்டலாம். அந்த ஓகே விற்பனைத் தளத்தின் சாட்டிலேயே வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஓகேயைத் தளத்துக்காரர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

தளத்தை விட்டு வெளியே இழுப்பவர்களை ஒப்பிட்டுப் பார்க்கவே தேவையில்லை. விலையைவிடக் கூடுதலாகப் பணம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்பவர், உங்கள் போனுக்கு ஒரு சரிபார்ப்பு எண் வரும், அதைச் சொல்லுங்கள் என்பவர், பணம் வாங்க இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்பவர் எல்லோரும் ஒரே ரகம். பணம் வாங்குகிறவர் பின் நம்பர் போட வேண்டிய அவசியமே கிடையாது. 'பணம் வந்துவிட்டது' என்று வரும் மின்னஞ்சலையும் நம்ப வேண்டாம். உங்கள் கணக்குக்குள் நீங்களே போய் இருப்பைப் பாருங்கள். இல்லாவிட்டால் ப்ளாக் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பணம் கட்டிய பிறகு "வேறு முகவரிக்கு அனுப்புங்க" என்பவர் மட்டும் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் ஆன்லைனில் பணம் செலுத்தும் சேவையான பேபாலின் 'விற்பனையாளர் பாதுகாப்பு', பரிவர்த்தனைப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு அனுப்பியிருந்தால்தான் செல்லும். அதனால் அந்த ஆர்டரை ரத்து செய்து, சரியான முகவரியோடு மறுபடி வாங்கச் சொல்வதுதான் முறை. நல்லவர் முணுமுணுத்துக்கொண்டாவது செய்வார்.

வாங்கிவிட்டுப் பணமே கட்டாதவருக்காக மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். ஈபே என்ற விற்பனைத் தளத்தில் 4 நாள் கழித்து ஆர்டரை ரத்து செய்துவிடலாம். உடனே பணம் கட்டினால்தான் விற்பனை முடியும் என்று முன்கூட்டியே அமைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

புகார் வந்ததும் முதல் ஒரு மணி நேரம்

எந்த வழியைத் தேர்வதற்கும் முன்னால், அது உண்மையில் பழுதா என்று பாருங்கள். பயன்படுத்திய மின்னணுப் பொருட்களைப் பற்றி வரும் புகார்களில் கணிசமானவை பழுதே இல்லை. லேப்டாப் சார்ஜ் ஏறவில்லை என்பார், பார்த்தால் போன் சார்ஜரைச் செருகியிருப்பார். டைப்-சி முனை பொருந்திவிடும், ஆனால் வாட்ஸ் போதாமல் மெல்ல ஏறும், சில லேப்டாப்புகளில் ஏறவே ஏறாது. இயர்பட்ஸில் ஒரு பக்கம் கேட்கவில்லை என்பார், ரீசெட் செய்து மறுபடி இணைத்தால் சரியாகிவிடும். சிம் எடுக்கவில்லை என்பார், அந்த போன் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டதாக இருக்கும். இதை விவரத்தில் எழுதாமல் விட்டிருந்தால் தவறு உங்களுடையது.

ஐபோன் பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்கிறது என்பதும் அடிக்கடி வரும் புகார். 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் வந்த ஆக்டிவேஷன் லாக் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு அது. பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டியதே இல்லை. உங்கள் ஐகிளவுட் கணக்கில் நுழைந்து அந்த போனை நீக்கினால் அங்கே பூட்டு திறந்துவிடும். ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தாலும் இதே சிக்கல் வரும். திருட்டு போனை விற்றுவிட்டார்கள் என்று பயந்துபோய் அவர் கத்தியிருப்பார். 'பத்து நிமிடம் கொடுங்கள், நீக்கிவிடுகிறேன்' என்று பதில் போட்டு நீக்கிவிட்டால், அதுவரை பொங்கியவர் நல்ல விமர்சனம் எழுதிவிட்டுப் போவார்.

உண்மையிலேயே பழுது போலத் தெரிந்தால், சீரியல் எண்ணும் பிரச்சனையும் ஒரே படத்தில் தெரியும்படி ஒரு சிறு வீடியோ கேளுங்கள். "நீங்கள் சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ளக் கேட்கிறேன்" என்று சேர்த்து எழுதுங்கள், சந்தேகப்படுவதாகத் தோன்றாது. போனாக இருந்தால் *#06# அழுத்தியதும் வரும், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் அந்த வீடியோவில் இருக்கட்டும். அனுப்புவதற்கு முன் நீங்கள் எடுத்து வைத்த எண்ணோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள்.

வழி ஒன்று: பொருளைத் திருப்பி வாங்கிக்கொண்டு முழுப் பணம் தருவது

கேட்டதும் மனதுக்கு ஒப்பாத வழி இது. ஆனாலும் தளம் வழியாக விற்ற பொருளுக்கு, பெரும்பாலான நேரங்களில் குறைந்த நஷ்டத்தில் முடிவது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

'திருப்பி எடுக்கமாட்டேன்' என்று விவரத்தில் எழுதிவிட்டால் தப்பிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஈபேயில் அது செல்லாது. பொருள் விவரத்தோடு பொருந்தவில்லை என்று வாங்கியவர் 30 நாளுக்குள் சொன்னால், அந்த வரி இருந்தாலும் திரும்பப் பெற்றுத்தான் ஆக வேண்டும், திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையது. உங்களுக்கு 3 வேலை நாள் அவகாசம். அதற்குள் தீர்க்காவிட்டால் வாங்கியவர் ஈபேயைத் தலையிடச் சொல்லலாம். விற்பனையாளர் தீர்க்காமல் தளமே தலையிட்டு முடித்த வழக்குகள் கணக்கில் கரும்புள்ளியாகச் சேரும். நீங்களே ஒப்புக்கொண்டு முடித்தால் அந்தப் புள்ளி விழாது.

இதில் நீங்கள் இழப்பது போக வரப் பார்சல் செலவு, கொஞ்சம் நாள், அந்த நாட்களில் பொருளின் விலை இறங்கும் அளவு. திரும்பி வரும் பொருள் உங்கள் கையிலேயே இருக்கும், அதை மறுபடி விற்கலாம். பதிலுக்கு வாரக்கணக்கில் நீளும் சண்டையிலிருந்து விடுதலை கிடைக்கிறது.

ஒன்றில் மட்டும் இறுக்கமாக இருங்கள். பொருள் கைக்கு வந்து சரிபார்த்த பிறகே பணம். "முதலில் பணம் போடுங்க, நாளைக்கு அனுப்பிடறேன்" என்பதற்கு ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். பார்சல் வந்ததும் கத்தியை எடுப்பதற்கு முன் கேமராவை ஓடவிடுங்கள். பெட்டியின் ஆறு பக்கமும், டிராக்கிங் எண் ஒட்டிய தாளும் முதலில் தெரிய வேண்டும். பிறகு ஒரே ஓட்டத்தில், எங்கும் நிறுத்தாமல், திறந்து சீரியல் எண்ணைக் காட்டுங்கள்.

லேப்டாப் என்றால் அத்தோடு நிற்கக் கூடாது. அடிப்பக்கத் திருகுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பும்போது கறுப்பாக இருந்த திருகுத் தலையில் வெள்ளிக் கோடு மின்னினால் யாரோ திறந்திருக்கிறார்கள். வெளிப்பெட்டி உங்களுடையதுதான், ஆனால் 16 ஜிபி ரேம் இருந்த இடத்தில் 4 ஜிபி, நல்ல எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) இருந்த இடத்தில் தேய்ந்துபோன ஒன்று, இப்படி உள்ளுறுப்பை மட்டும் கழற்றிக்கொள்ளும் வேலை நடக்கத்தான் செய்கிறது. அனுப்பும் முன் சிஸ்டம் விவரத் திரையையும் எஸ்எஸ்டியின் சீரியல் எண்ணையும் படம் எடுத்து வைத்தவருக்கு மட்டுமே இது தெரியவரும். மற்றவர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்தவருக்கு விற்று, அவரிடமிருந்து புகார் வரும்போதுதான் கண்டுபிடிப்பார்கள்.

வழி இரண்டு: பொருள் அங்கேயே இருக்கட்டும், கொஞ்சம் பணத்தை மட்டும் திருப்பித் தருவது

எல்லோருக்கும் பிடித்த வழி. வாங்கியவருக்கு அலைச்சல் இல்லை, விற்றவருக்கு விற்பனை கெடவில்லை. குறை உண்மையானது, சிறியது, அதைச் சரிசெய்ய என்ன செலவாகும் என்று இருவருக்கும் தெரியும் என்றால் இதைவிட நல்ல முடிவு இல்லை. சார்ஜர் வைக்க மறந்துவிட்டீர்கள், படத்தில் தெரியாத ஒரு கீறல் இருந்தது, ரிமோட்டின் பேட்டரி மூடி இல்லை என்பவை இந்த ரகம். தொகையைப் பாகத்தின் விலையை வைத்து முடிவு செய்யுங்கள். அவருக்கு எவ்வளவு ஏமாற்றம் என்பதை வைத்துப் பேசினால் அதற்கு எல்லையே கிடையாது.

ஆனால் இதே வழிதான் காசு பறிப்பவர்களுக்கும் பிடித்த வழி. முதல் செய்தியிலேயே ஒரு தொகையோடு வருவார்கள்: "திருப்பி அனுப்பறதெல்லாம் வேண்டாம் சார், பாதிப் பணம் மட்டும் குடுத்துடுங்க." பழுதைப் பற்றி அரை வரி இருக்கும், தொகை தெளிவாக இருக்கும்.

இவருக்கு நான் பரிந்துரைக்கும் பதில் ஒன்றே: "பொருள் திருப்தி இல்லை என்றால் முழுப் பணமும் திருப்பித் தருகிறேன், அனுப்பிவிடுங்கள். அனுப்பும் செலவும் என்னுடையது." உண்மையில் பழுதான பொருளை வைத்திருப்பவருக்கு இது நல்ல செய்தி, உடனே சம்மதிப்பார். சும்மா விலை குறைக்கப் பார்த்தவருக்கு இது பிடிக்காது. பொருள் அவருக்கு நன்றாகத்தான் வேலை செய்கிறது, பாதி விலைக்கு வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் அதோடு சத்தம் நின்றுவிடும். நிற்காவிட்டால் பொருள் உங்களிடம் திரும்பி வரும், அதுவும் நஷ்டமில்லை. கோபப்படாமல், குற்றம் சாட்டாமல், இரு தரப்பாரையும் பிரித்துக் காட்டும் வேறு ஒரு பதில் எனக்குத் தெரிந்து இல்லை. புகார்களைக் கையாள இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பகுதிப் பணம் தருவது என்று முடிவானால், தளத்தின் அல்லது பேபாலின் உள்ளேயே, அந்தப் பரிவர்த்தனையின் மீதே கொடுங்கள். தனியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால், அதை வாங்கிக்கொண்டு முழுத் தொகைக்கும் மறுபடி புகார் போட முடியும். பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் வரை புகார் எழுப்ப வழி இருக்கிறது. நீங்கள் தந்தது எங்கும் பதிவாகாவிட்டால் தந்ததாகவே ஆகாது.

வழி மூன்று: எதிர்த்து நிற்பது

நியாயம் நம் பக்கம் இருக்கும்போது விட்டுக்கொடுக்க மனம் வராது. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் எந்த வழக்கில் நியாயம் எடுபடும், எதில் எடுபடாது என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

'பொருளே வரவில்லை' என்ற புகாரில் உங்கள் கை ஓங்கியிருக்கும். சரியான முகவரிக்குச் சேர்ந்ததாக டிராக்கிங் காட்டினால் போதும். விலை உயர்ந்த பொருளுக்குக் கையெழுத்தும் வேண்டும். ஈபே, பேபால் இரண்டும் அமெரிக்க விதிகளில் 750 டாலரை இதற்கான எல்லையாக வைத்திருக்கின்றன. அந்த விலைக்கு மேல் விற்றுவிட்டு, கையெழுத்து வாங்கும் சேவைக்கான சிறு தொகையை மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

திரும்பி வந்தது வேறு பொருள் என்ற வழக்கிலும், சீரியல் எண்ணும் பார்சலைத் திறக்கும்போது எடுத்த வீடியோவும் இருந்தால் போராடலாம். அப்போது காவல்துறையில் ஒரு புகார் பதிவு செய்து அதன் நகலையும் இணையுங்கள். அது திருட்டு, வியாபாரத் தகராறு இல்லை.

'விவரத்தோடு பொருந்தவில்லை' என்ற புகாரில்தான் விற்பனையாளர்கள் அதிகம் தோற்கிறார்கள். பேபாலின் விற்பனையாளர் பாதுகாப்பு இந்த வகைப் புகாரை உள்ளடக்குவதே இல்லை. உங்கள் வீட்டில் நன்றாக ஓடிய வீடியோ, அங்கே போய்ச் சேர்ந்தபோது ஓடியது என்பதற்குச் சாட்சி ஆகாது, வழியில் குலுங்கி ஏதாவது கழன்றிருக்கலாம். நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர் பொருளைக் கண்ணால் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது உங்கள் விவரம், வாங்கியவர் அனுப்பிய படம், இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடு மட்டுமே.

தளத்தில் தோற்றாலும் வாங்கியவருக்குக் கார்டு வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறும் சார்ஜ்பேக் என்ற கதவு திறந்தே இருக்கும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாள் அவகாசம் உண்டு. முடிவு எடுப்பது வங்கிகள். வாரக்கணக்கில் இழுக்கும், அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும்.

எதிர்க்க முடிவு செய்தால், எழுதும் முறையில் கவனமாக இருங்கள். எந்தத் தேதியில் அனுப்பியது, விவரத்தில் எந்த வரியில் இந்தக் குறை சொல்லப்பட்டிருக்கிறது, சாட்டில் எந்த நாள் அவர் ஓகே சொன்னார், எண் எங்கே மாறுகிறது என்பவை மட்டும் போதும். 'ஏமாற்றுக்காரர்', 'நாணயமில்லாதவர்' போன்ற சொற்களை ஒன்றுகூட எழுத வேண்டாம். ஒரு நாளில் பல வழக்குகளைப் படிப்பவர் ஆதாரத்தைத் தேடிக் கண்ணை ஓட்டுவார். அது வசவுக்கு நடுவில் புதைந்து கிடந்தால் உங்களுக்குத்தான் இழப்பு.

பதிலே போடாமல் ப்ளாக் செய்துவிடுவதை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை. விற்பனைக்கு முன் அது சரி. விற்ற பிறகு மௌனம் காத்தால் அவகாசம் முடிந்து வழக்கு அவர் பக்கம் சாயும். ப்ளாக் செய்வதைப் புகார் முழுவதும் முடிந்த பிறகு செய்துகொள்ளலாம்.

ஒரு புகாரை வைத்துப் பார்ப்போம்

முதலில் சொன்ன 'சார்ஜ் நிக்கல' புகாருக்கே வருவோம். லேப்டாப் என்று வைத்துக்கொள்வோம். விற்பதற்கு முன் விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து வைத்திருக்கிறீர்கள். டிசைன் கெபாசிட்டி (புதிதாக இருந்தபோதைய கொள்ளளவு) 50,000 மில்லிவாட்-அவர், ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது முழுதாக ஏறும் அளவு) 38,000. அதாவது 76 சதவீதம். இப்போது மூன்று சூழ்நிலைகள்.

விவரத்தில் "பேட்டரி 76 சதவீதம்" என்று எழுதி அந்த ரிப்போர்ட்டையும் படமாகப் போட்டிருந்தீர்கள். அவரிடமும் ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். அதே எண் வந்தால், படத்தைச் சுட்டிக்காட்டி மரியாதையாக மறுக்கலாம். அதன் பிறகும் தளத்தில் வழக்குப் போட்டால் எதிர்க்க உங்களிடம் தெளிவான ஆதாரம் இருக்கிறது.

விவரத்தில் "பேட்டரி நன்றாக இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். அப்போது அவர் சொல்வதுதான் சரி. 'நன்றாக' என்றால் உங்களுக்கு இரண்டு மணி நேரம், அவருக்கு ஐந்து மணி நேரம். புது பேட்டரியின் விலையில் ஒரு பங்கைத் தருவதாகக் கேட்டுப் பாருங்கள், வேண்டாம் என்றால் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வாக்குவாதத்துக்கு இதில் இடமே இல்லை.

மூன்றாவது, அவர் அனுப்பிய ரிப்போர்ட்டில் டிசைன் கெபாசிட்டியே 42,000 என்று இருக்கிறது. இந்த எண் பேட்டரி தயாரிக்கப்பட்டபோதே பதிவானது, பயன்பாட்டில் தேய்வது ஃபுல் சார்ஜ் கெபாசிட்டிதான். அப்படியென்றால் அது நீங்கள் அனுப்பிய பேட்டரியாக இருப்பது சந்தேகமே. அப்போதும் எடுத்த எடுப்பில் குற்றம் சாட்ட வேண்டாம். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இந்த எண் ஏன் மாறுகிறது என்று பாருங்களேன்" என்று சாட்டிலேயே கேளுங்கள். அவர் சொல்லும் பதில், சொல்லாமல் விடும் பதில் இரண்டுமே வழக்குக்கு உதவும்.

போன்களிலும் இதே கணக்கு. ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 முழு சார்ஜ் சுழற்சியில் 80 சதவீதம், ஐபோன் 15 வரிசைக்கு 1000 சுழற்சியில் 80 சதவீதம் நிற்கும்படி வடிவமைத்ததாக ஆப்பிள் சொல்கிறது. உங்கள் போன் எந்த வரிசை, இப்போது எத்தனை சதவீதம் என்பதை விவரத்தில் எழுதிவிட்டால் பாதிப் புகார் பிறக்கவே பிறக்காது.

நெகட்டிவ் போடுவேன் என்ற மிரட்டல்

2008-இலிருந்து ஈபேயில் விற்பவர் வாங்கியவருக்கு நெகட்டிவ் மதிப்பீடு போட முடியாது. அவர் உங்களுக்குப் போடலாம். இந்தச் சாய்வு பலரைப் பயமுறுத்துகிறது. ஆனால் மதிப்பீட்டைக் காட்டி, விவரத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டு மிரட்டுவது அங்கே விதிமீறல். மிரட்டல் தளத்தின் சாட்டில் எழுத்தாக இருந்தால் புகார் செய்து அந்த மதிப்பீட்டை நீக்கக் கேட்கலாம். போனில் மிரட்டினால், "எழுத்தில் சொல்லுங்கள், பார்த்துப் பதில் தருகிறேன்" என்று சாட்டுக்குத் திருப்புங்கள்.

மதிப்பீட்டுக்குப் பயந்து பணம் கொடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அது அவருக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுக்கிறது, அடுத்து விற்பவர் தலையில் அது விடியும். ஒரு நெகட்டிவ் விழுந்தே விட்டால், அதன் கீழ் இரண்டு வரியில் நடந்ததை அமைதியாக எழுதுங்கள். "முழுப் பணத்துடன் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னோம், அவர் சம்மதிக்கவில்லை" என்ற வரியைப் படிக்கும் அடுத்த வாங்குநர் யார் பக்கம் நியாயம் என்று புரிந்துகொள்வார்.

எங்கே விற்றால் எந்தத் தொல்லை

நேரில் கொடுத்து விற்றால் பேரம் அதிகம், சொன்ன நேரத்துக்கு வராதவர்கள் அதிகம். ஆனால் அவர் கண்ணெதிரே சோதித்து வாங்குவதால் பிற்பாடு புகார் குறைவு. கேமரா உள்ள, ஆள் நடமாட்டமுள்ள பொது இடத்தில், ஸ்பீக்கர், மைக், கேமரா, சார்ஜிங், வைஃபை எல்லாவற்றையும் அவரையே பார்க்கவிட்டு, பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். நேரில் கொடுத்ததற்குப் பேபால் மூலம் பணம் வாங்காதீர்கள். 'பொருள் வரவில்லை' என்று அவர் சொன்னால் காட்ட உங்களிடம் டிராக்கிங் இருக்காது.

பார்சலில் விற்றால் வாங்குபவர்கள் அதிகம், விலையும் நன்றாகக் கிடைக்கும், மேலே பேசிய தொல்லைகளும் அத்தனையும் வரும். கடைக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ கொடுத்தால் விலை குறையும், ஆனால் கொடுத்ததோடு கதை முடிந்தது.

போன், லேப்டாப் போல விலை அதிகமான, பாகங்களை மாற்றிவிட எளிதான பொருட்களுக்கு நேரில் விற்பதே என் முதல் தேர்வு. பழைய ஆம்ப்ளிஃபையர், குறிப்பிட்ட கேமரா லென்ஸ், கிடைக்காத ரிமோட் போன்றவற்றுக்குச் சரியான ஆள் எங்கோ தூரத்தில்தான் இருப்பார், பார்சலில்தான் அனுப்பியாக வேண்டும். அந்த ஆட்கள் பொருளைத் தெரிந்து தேடி வாங்குவதால் புகாரும் அரிது. ஓடாத பொருளை 'பாகங்களுக்கு மட்டும்' என்ற பிரிவில் போடுங்கள். "ஆன் ஆகுது, அதுக்கு மேல சோதிக்கல" என்று சாதாரணப் பிரிவில் போட்டால் வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் எந்தப் பிரிவிலும் போடாதீர்கள், பார்சலில் அனுப்பவே கூடாது. அது தீப்பிடிக்கும் பொருள்.

விற்று முடித்ததும் படங்களை அழித்து இடம் பண்ணத் தோன்றும். சீரியல் எண் படம், பார்சல் கட்டிய வீடியோ, பேட்டரி ரிப்போர்ட், சாட்டின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் வாங்கியவரின் பெயரில் ஒரு ஃபோல்டரில் போட்டுவைத்து, பேபாலின் அந்த 180 நாள் கடந்த பிறகு அழித்துக்கொள்ளுங்கள்.